பிச்சாவரத்துக்கு ஒரு நாள்: வடிகால் வெட்டிப் பிழைத்த காடு

பொங்கல் கழிந்து, முந்திரி பூத்து, பலா பிஞ்சு விடும் நாள்களில் பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நாலு நாள் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்போது பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "கடலுக்குப் போகலாமா?" செல்போனில் பார்த்த பிள்ளைகளாக இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும்: "டால்பின் பார்க்கலாமா?"

முதலில் டால்பினை முடித்துவிடுவோம். தமிழில் இதற்கு ஓங்கில் என்று பெயர். பெயரில் சிலர் மீன் சேர்த்துச் சொன்னாலும் இது மீன் இல்லை. மாடு போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற உயிர். மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வந்தே ஆகவேண்டும். நம் கண்ணில் படுவதும் அதனால்தான். புதுச்சேரியிலிருந்து கடலுக்குள் டால்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில், விடியற்காலையில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது வளர்ப்புப் பிராணி அல்ல, காசு கொடுத்தோம் என்பதற்காக வந்து நிற்காது. கூட்டத்தைக் கண்டதும் என்ஜினை முடுக்கித் துரத்துகிற படகு வேண்டாம். துரத்தினால் தாயும் குட்டியும் பிரியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற விலங்கு அது. உயிர்காப்பு உடை தராத படகில் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நாள் கையில் இருக்கும் விவசாயக் குடும்பம் போக வேண்டிய இடம் பிச்சாவரம். டால்பின் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். சுரபுன்னைக் காடு அங்கேயே நிற்கிறது. அதோடு, நம் வயலுக்கு ஆகிற பாடம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

பண்ருட்டியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டர். அங்கிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் இன்னொரு 15. ரயிலில் போவதானால், விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் பண்ருட்டி, கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் எல்லாமே வரிசையாக இருக்கின்றன. பாசஞ்சர் ரயில் நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சற்று நின்று போகலாம். திருவதிகைக் கோயிலை ஒட்டி ஓடுகிற நம் கெடிலம் ஆறு கடலில் கலப்பது அந்தப் பக்கம்தான். ஊரில் நாம் ஆற்றில் விடுவதும் போடுவதும் எங்கே போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

பிச்சாவரத்துக்கு ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நல்லது. வெயில் ஏறிய பிறகு படகில் உட்கார முடியாது. துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகுதான் இரண்டு பக்கமும் வேர்கள் பின்னி, மேலே கிளை மூடிய குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' படம் இங்கே எடுக்கப்பட்டது என்பதைப் படகுக்காரர் சொல்லாமல் விடமாட்டார். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சின்னச் சின்னத் திட்டுகளாகப் பரந்து கிடக்கும் இந்தச் சதுப்புக்காடு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டுக்குக் கடலிலிருந்து உப்புத் தண்ணீர் வருகிறது. இன்னொரு பக்கம், கான்சாகிப் வாய்க்கால் போன்ற பாசன வாய்க்கால்களின் வடிநீர் வந்து சேர்கிறது. அதாவது சிதம்பரம் பக்கத்து நெல் வயலில் மிஞ்சிய தண்ணீர்தான் இந்தக் காட்டுக்கு நல்ல தண்ணீர். வயலில் அளவுக்கு மீறி அடித்த மருந்தும் போட்ட யூரியாவும் அதே வழியில் இங்கே வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படகில் போகும்போது மூன்று மரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றி நிற்பது போலத் தண்டிலிருந்து வேர் இறக்கி நிற்பது சுரபுன்னை. இதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். கனம் தாங்காமல் விழுந்து சேற்றில் குத்திக்கொண்டால் அப்படியே நாற்று. நாற்றங்கால் வேலையை மரமே பார்த்துக்கொள்கிறது. அடுத்தது வெண்கண்டல். இதன் அடியில் பென்சில் நட்டுவைத்தது போல நூற்றுக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம் இது. சுரபுன்னையோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும். மூன்றாவது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது. நடராசர் கோயிலின் தல விருட்சமும் இதுவே. கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். இந்தக் காடு முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னால் பல இடங்களில் மொட்டையாகக் கிடந்தது. மாடு மேய்ந்ததாலும் விறகு வெட்டியதாலும்தான் அழிந்தது என்று ஊர்க்காரர்கள் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்ணைப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, கூப்பு முறையில் பகுதி பகுதியாகக் காட்டை மொத்தமாக வெட்டியிருக்கிறார்கள். மரம் போனதும் சேற்று மண்ணில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கியது. நடுவில் தாம்பாளம் போலப் பள்ளமானது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று காய்ந்தது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. வந்து வந்து காய்ந்ததில் உப்பிலேயே வாழும் மரம்கூட முளைக்க முடியாத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. உமரிச் செடி மட்டும் மிஞ்சியது.

வைத்தியம் எளிமையானது. 1990-களில் வனத்துறையும் அந்த நிறுவனமும் கிராம மக்களும் சேர்ந்து, பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது, போனது. உப்பு கழுவப்பட்டது. கால்வாய்ச் சரிவில் கண்டல் நாற்றுகளை நட்டார்கள். இன்று படகில் போகும்போது நீங்கள் பார்க்கும் பசுமையில் அப்படி மீண்டு வந்த பகுதியும் உண்டு.

நம் வயலுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், வாசகர் கேள்விகளில் அடிக்கடி வருவது "நிலத்தில் உப்புப் பூக்கிறது, ஜிப்சம் எவ்வளவு போடலாம்?" என்பது. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. ஜிப்சம் களருக்கு மருந்து. உவருக்கு மருந்து, நல்ல தண்ணீரைக் கட்டி, கரைந்த உப்பை வடிகால் வழியே வெளியேற்றுவது. ஈ.சி. 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர். ஆனால் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈ.சி., கார அமில நிலை இரண்டையும் பார்த்த பிறகு செலவு செய்யுங்கள். களர் என்று வந்தால் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 நெல் ரகங்கள் தாங்கும். வடிகாலைத் தூர்த்து வரப்பாக்கிவிட்டு உரக்கடையில் மருந்து தேடுகிறவர்களை ஒருமுறை பிச்சாவரத்துக்கு அழைத்துப் போகலாம் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

காட்டுக்கும் கடலுக்கும் இடையில் மணல் திட்டு ஒன்று உண்டு. அதில் எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பு இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது அழிந்துபோனது. பல உயிர்கள் போயின. காட்டுக்குப் பின்னால் இருக்கும் டி.எஸ். பேட்டை தப்பித்தது. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்த நாள் அது. காடு காப்பாற்றியது என்று அன்று முதல் சொல்கிறோம். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் மேடு பள்ளமும்கூடக் காரணம் என்று சில விஞ்ஞானிகள் மறுத்து எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தக் காடு எல்லாவற்றுக்கும் கேடயம் என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வீசி, நம் ஊர்ப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. தாத்தா வைத்த மரம் ஒரே காலையில் போனதைப் பார்த்தவர்கள் நாம். காற்றுக்கு வழி வேறு. அதை இன்னொரு இதழில் பேசலாம். கண்டல் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், கரை மண்ணைப் பிடித்து வைக்கும். அது செய்கிற வேலை அது.

வேறொரு வேலையும் செய்கிறது. இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வேர்களுக்கு நடுவில்தான் வளர்கின்றன. கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். அவர்களைப் போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வயலில் யாராவது வந்து கேட்காமல் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் விடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் தொங்கும் சுரபுன்னை நாற்றைப் பறிக்கப் பிள்ளைகள் கை நீட்டும். தடுத்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டு வளர்க்கிற சமாச்சாரம் இல்லை அது.

தை, மாசியில் போனால் வலசைப் பறவைகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் புயல் எச்சரிக்கை நாளிலும் போக வேண்டாம். குடிக்கத் தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தில் மூன்று மணி நேரம் போதும். நேரம் மிஞ்சினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்து அருங்காட்சியகம் இருக்கிறது. பார்க்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சிதம்பரம் கோயில் மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் தரிசனத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் வந்தவர்கள் திரும்பும்போது சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக வரலாம். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. எந்த நேரம் போனாலும் பசிக்கு ஏதாவது கிடைக்கும். அங்கே சாப்பிட்டுவிட்டு நெய்வேலி தாண்டினால் பண்ருட்டி பக்கம்தான். மறுநாள் காலை பால் கறக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம்.