மட்டக்குதிரையின் உயரம்

குதிரை என்றவுடன் என் மனக்கண்ணில் எழுவது எங்கள் ஊர் எல்லையில், ஐயனார் கோயிலின் முன் நின்ற சுதைக்குதிரைதான். தூக்கிய முன்னங்காலும் பிதுங்கிய விழிகளுமாக அது சிறுவனாகிய எனக்கு வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. குதிரைக்கு அதுவே இலக்கணம் என்று கொண்டுவிட்டதனால், கும்பகோணம் இரயில் நிலைய வாசலில் ஜட்கா வண்டிகளில் பூட்டியிருந்த சிறிய பிராணிகளை நான் குதிரைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. தீனி போதாமல் வளர்ச்சி குன்றியவை என்றே எண்ணியிருந்தேன். மட்டக்குதிரை என்னும் பெயரும் அவ்வெண்ணத்திற்கு அரண் செய்தது. மட்டம் என்னும் சொல் நம் மொழியில் உயரக் குறைவையும் குறிக்கும். தரக் குறைவையும் குறிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழை, பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்த பின்னரும் என்னை விட்டு நீங்கவில்லை.

2009ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று, பதினொரு வயது மகளை அணிவகுப்புக்கு அழைத்துச் சென்றேன். இன்று கர்த்தவ்ய பாதை என வழங்கும் அன்றைய ராஜபாதையில், குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படைக் குதிரைகள் நெடிதுயர்ந்து நடந்துவந்தன. “பார்த்தாயா, இதுதான் குதிரை!” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் கேதார்நாத் யாத்திரை. கௌரிகுண்டத்திலிருந்து அந்நாளில் 14 கிலோமீட்டர் மலைவழி. நடக்க இயலாதவர்களுக்காகக் கோவேறு கழுதைகளும் மட்டக்குதிரைகளும் வரிசையாக நின்றன.

“அப்பா, இதெல்லாம் குதிரைக்குட்டியா?” என்று கேட்டாள் மகள்.

“ஆமாம் அம்மா, போகப்போக வளரும்” என்றேன், சற்றும் யோசியாமல்.

“வளராவிட்டால்?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. பள்ளியில் காலை வணக்கத்தின்போது உயர வரிசையில் முதலில் நிற்பவள் அவள். வடநாட்டுப் பிள்ளைகள் கேலி பேசியதாகக் கண் கலங்கி வந்த நாள்களிலெல்லாம் நான் சொன்ன ஆறுதலும் இதே சொற்கள்தாம்: போகப்போக வளரும். இப்போதைய உயரம் ஒரு குறை என்பதை அந்த ஆறுதலே ஒப்புக்கொள்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

விடை தெரியாமல், குதிரைக்காரரிடம் அதன் வயதை இந்தியில் விசாரித்தேன். அவர் பிராணியின் மேலுதட்டை விலக்கிப் பற்களைக் காட்டினார். “பன்னிரண்டு. இனி வளராது, வளரவும் வேண்டாம்” என்றார்.

அந்தப் பதில்தான் பின்னாளில் இதுபற்றி என்னைப் படிக்கத் தூண்டியது. மட்டக்குதிரை குட்டியும் அன்று, நோஞ்சானும் அன்று. குட்டியின் இலக்கணமே வேறு. பிறக்கும்போதே அதன் கால்கள் தாயின் கால் நீளத்தில் பெரும்பகுதியை எட்டிவிடும். உடல்தான் பிறகு பருக்கும். ஆகவே குட்டி நெடுங்காலும் சிற்றுடலுமாகத் தள்ளாடும். மட்டக்குதிரையோ குறுங்கால், அகன்ற மார்பு, தடித்த கழுத்து, அடர்ந்த பிடரி என முற்றிலும் மாறானது. குதிரையும் மட்டக்குதிரையும் ஒரே இனம். ஒன்றோடொன்று கூடி ஈனவும் வல்லவை. தோள்மேட்டின் உயரம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டருக்கு உட்பட்டதை மட்டக்குதிரை எனல் பொது வழக்கு. ஆனால் அளவுகோல் ஒன்றே தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. அந்த வரம்புக்குள் அடங்கும் ஐஸ்லாந்துப் பரியைக் குதிரை என்றே அழைக்கின்றனர். வரம்பைத் தாண்டிய போலோ குதிரையையோ இன்றும் போனி என்கின்றனர்.

பின்னதற்குக் காரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மணிப்பூர் மக்கள் தம் சிறு குதிரைகள்மீது ஆடிய ஆட்டத்தைக் கண்டு கற்ற ஆங்கிலேயர், 1859இல் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தனர். ஆட்டம் உலகெங்கும் பரவியது, குதிரைகள் உயர்ந்தன, பெயர் மட்டும் மாறவில்லை.

இமாசலத்தின் ஸ்பிதி, லடாக்கின் சன்ஸ்கார் ஆகிய பள்ளத்தாக்குகளின் பெயராலேயே வழங்கும் மட்டக்குதிரை இனங்கள் உண்டு. கடுங்குளிரும் அருகிய புல்லும் அவற்றை உருவாக்கின. குறுகிய கால்களும் திரண்ட உடலும் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. நெடிய குதிரைக்குப் பற்றாத தீனியில் இவை உழைக்கும். செழித்த புல்லை மிகுதியாகத் தின்றாலோ குளம்பு அழற்சி கண்டு துன்புறும். குறைவு என்று நான் கருதியது, அந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்பு.

அன்று குதிரைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாகிப், நீங்கள் நடந்து வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். என் எடை அந்நாளில் 85 கிலோ. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்னும் விதியை அவர் புத்தகத்தில் படித்திருக்கமாட்டார். மகளை மட்டும் தூக்கிச் சேணத்தில் அமர்த்தினார். நான் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தேன். ஈரப் பாறையிலும் வழுக்கும் சரளையிலும் அந்தக் குளம்புகள் இடம் பார்த்து ஊன்றிய நிதானம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

2013ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்துபோன ராம்பாடாவில் அன்று இளைப்பாறினோம். மகள் உள்ளங்கையில் வெல்லக்கட்டியை வைத்து நீட்டினாள். எங்கள் தேநீர் ஆறும்வரை அது அவள் தோளருகே தலைசாய்த்து நின்றது. இனி வளரும் என்று நான் அவளிடமும் சொல்லவில்லை, அதனிடமும் சொல்லவில்லை. அவளே திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, இது என்னைவிட ஒரு வயது பெரியது.”