எங்கள் மேடைக்கு வந்த ஸஹர் பாவா



நேற்றிரவு எங்கள் பாடசாலை மண்டபத்தில் நடந்த நாடகத்தைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நோன்பு காலத்தில் றபான் அடித்து, பைத் பாடி, ஊரை ஸஹருக்கு எழுப்பிய ஒரு பக்கீர் பாவாவின் கதை அது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கைபேசி அலாரமும் வந்தபின் அவர் யாருக்கும் தேவைப்படாமல் போகிறார்.

பாவாவாக நடித்தவன் என் வகுப்பு மாணவன், தரம் 10. பாடுவதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. இரண்டு இடத்தில் சுருதி விலகியது. ஆனால் பாட முன்னர் றபானை நெருப்பில் காட்டி, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டான் பாருங்கள், அங்கே மண்டபம் அடங்கிவிட்டது. பனியில் தோல் தளர்ந்தால் ஓசை எழும்பாது, சூடு காட்டினால்தான் இறுகும். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவனுடைய மூத்தாப்பா.

மௌலவியாக நடித்த மாணவனையும் சொல்லத்தான் வேண்டும். இசை கூடுமா, கூடாதா என்ற வாக்குவாதத்தில் அவன் கத்தியிருந்தால் சபை சிரித்திருக்கும். பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் தன் கருத்தைச் சொன்னான். இந்த விடயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நாடகம் தீர்ப்புச் சொல்லாமல் இருவரையும் மரியாதையோடு காட்டியது.

ஒரு குறை: கீபோர்ட் இசை பைத்தின் சொற்களை விழுங்கிவிட்டது. றபான் மட்டும் போதும், பிள்ளைகளே.

கடைசிக் காட்சியில் பாவா ஒரு வாசலில் நின்று பாடுகிறார். விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகிறார்.

என் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு பாவா வருவார். பெருநாள் காலையில் உம்மா சில்லறையை என் கையில் தந்து அவரிடம் கொடுக்கச் சொல்லுவா. ஒரு வருடம் அவர் வரவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஊரில் றபான் அடிக்க, பைத் பாடத் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களே வீட்டுக்கு வருகிறோம். இந்த முறையாவது அவர்களின் பெயரைக் கேட்டு எழுதி வைப்போம்.