மட், திஸ்கி, காணாமல் போன 'இ'

மின்மடல் படிக்க மட்னு ஒரு நிரல் இருக்கு. மைக்கேல் எல்கின்ஸ் 1995-ல எழுத ஆரம்பிச்சது, இன்னிக்கும் உயிரோட இருக்கு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸைத் தொடவே வேண்டாம். கறுப்புத் திரையில எழுத்து மட்டும்தான். (மட் மட்டும்னு ஒரு மொக்கை போடலாம். விடுங்க.) காலேஜ் லேப்ல பைன் வச்சு மடல் படிச்ச தலைமுறைக்கு இது ஒண்ணும் அதிசயம் இல்லை. புனேயில நான் பொட்டி தட்டுற இடத்துல பசங்க இதைப் பாத்துட்டு, "சார், யார் சர்வருக்குள்ள பூந்துட்டு இருக்கீங்க?"ன்னு கேக்குறாங்க.

தினசரி மடலுக்கு இதை வச்சுக்கிறது வெறும் பழக்க தோஷம். அதைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்லை. ஜிமெயில் வச்சிருக்கவங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: 2022-லிருந்து தனிநபர் கணக்குல வழக்கமான கடவுச்சொல்லை அப்படியே மட்ல குடுத்தா உள்ள விடாது. இரண்டு படி சரிபார்ப்பைப் போட்டுட்டு, 16 எழுத்துல செயலிக் கடவுச்சொல் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஐமேப்புக்கு 993-ஆம் போர்ட். அவ்ளோதான்.

ஆனா ஒரு வேலைக்கு எனக்கு மட் இல்லாம முடியலை. அப்பா எழுதின மடல்களைப் படிக்கிறதுக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பா ரிட்டயர் ஆனப்புறம் மன்னார்குடியில ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து கம்ப்யூட்டர் கத்துக்கிட்டார். கடைக்காரப் பையன் முரசு அஞ்சல் போட்டுக் குடுத்தான். 2001-லிருந்து 2006 வரைக்கும் 143 மடல், எல்லாம் தமிழ்ல. 2007-ல அப்பா போயிட்டார். நாங்க வச்சிருந்த இலவச மடல் சேவையை மூடப்போறதா அறிவிப்பு வந்தப்ப, பாப் வழியா எல்லாத்தையும் இறக்கி ஒரே எம்பாக்ஸ் கோப்பா வச்சுக்கிட்டேன். எம்பாக்ஸ்னா பெரிய சூட்சுமம் இல்லை, மடல்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டின சாதா எழுத்துக்கோப்பு. இருபது வருஷம் கழிச்சும் அதைத் திறக்க முடியும். படிக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி.

ஏன்னா அது திஸ்கி. (கடைசியில போடுற டிஸ்கி இல்லைங்க.) யூனிகோட் நம்ம கணினிக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி புழங்கின குறியாக்கம். 256 இடத்துல கீழ்ப் பாதி ஆங்கிலம், மேல் பாதி தமிழ். கண்ணுக்குத் தெரியிற வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். 'கொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல வரும். அதனால எழுத்துருவை மட்டும் மாத்தி ஒப்பேத்த முடியாது, வரிசையையும் மாத்தணும். இப்போதைய உலாவிகளோட குறியாக்கப் பட்டியல்ல திஸ்கியே கிடையாது. திறந்தா பூச்சி பூச்சியா ஊருது.

லினக்ஸ்ல அடித்தளத்துல இருக்கிற ஜிலிப்சி நூலகத்துக்கு திஸ்கி தெரியும். ஐகான்வ்னு ஒரு கட்டளை, திஸ்கியை வாங்கி யூனிகோடா குடுத்துடும், கொம்பு வரிசை உட்பட. மட் அதே மாற்றியைத்தான் உள்ளுக்குள்ள கூப்பிடுது. நம்ம வேலை, "இந்த மடல் திஸ்கிப்பா"ன்னு அதுக்குச் சொல்றது மட்டும்.

அங்கதான் சிக்கல். அப்பாவோட மடல் எதுலயும் திஸ்கிங்கிற பேரே இல்லை. சிலதுல "எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்", சிலதுல "ஐஎஸ்ஓ-8859-1", மிச்சத்துல ஒண்ணுமே இல்லை. அந்தந்த நாள் எந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்தாரோ, அது ஒட்டின சீட்டு. முதல் ரெண்டுக்கும் சார்செட்-ஹூக்னு ஒரு வரி இருக்கு: இந்தப் பேரைப் பாத்தா திஸ்கின்னு எடுத்துக்கோ. பேரே இல்லாததுக்கு அஸ்யூம்ட்-சார்செட். இதையெல்லாம் தினசரி அமைப்புக் கோப்புல போடாதீங்க, ஆபீஸ் மடல்ல பிரெஞ்சுக்காரன் பேர் வந்தா தமிழ்ல கூத்தடிக்கும். அப்பாவுக்குன்னு தனி அமைப்புக் கோப்பு வச்சிருக்கேன். மட்டைக் கூப்பிடும்போது பெரிய எஃப் போட்டு அந்தக் கோப்பு, சின்ன எஃப் போட்டு மடல்பெட்டி, பெரிய ஆர் போட்டுட்டா எதையும் மாத்தாம வெறுமனே படிக்கும். இந்தப் பெரிய ஆர் ரொம்ப முக்கியம். ஒரே ஒரு பிரதி வச்சிருக்கிற மடலை வேற எப்படியும் திறக்கக் கூடாது.

இவ்வளவும் பண்ணி இன்னும் பூச்சியாவே வந்தா ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, லொகேல் யூடிஎஃப்-8-ஆ இருக்கான்னு. இல்லைன்னா தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாவோ எண்ணாவோ வரும். இன்னொண்ணு, ஐகான்வோட பட்டியல்ல திஸ்கி பேர் இருக்கான்னு. ஃபெடோரால அதிகம் புழங்காத மாற்றிகளை ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ராங்கிற தனிப் பொதியில வச்சிருக்காங்க. அது இல்லாம தலைகீழா நின்னாலும் வராது. டெர்மினல்ல எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா பயப்படாதீங்க, கட்டத்துக்கு ஒரு எழுத்துங்கிற கணக்கு தமிழுக்கு ஒத்து வராது, மடல் நல்லாத்தான் இருக்கு. பைப்-டீகோடைப் போட்டுட்டுக் குழாய்க்குறியை அமுக்கி, மடலைத் தனிக் கோப்பா எழுதிட்டு, வேற எதுல வேணும்னாலும் பெருசாத் திறந்து படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இதுல எனக்கு ஒரு போனஸ் கிடைச்சுது. அந்தக் காலத்துல உலாவியில திஸ்கி எழுத்துரு போட்டுப் படிச்சப்ப அப்பாவோட மடல்ல 'இ' மட்டும் இருக்காது. "குறுவை ல்லை. ந்த வருஷமும் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கலை"ன்னு 2003-ல எழுதியிருந்தார். தட்டச்சு அவ்வளவுதான்னு அப்ப விட்டுட்டோம். உண்மையில திஸ்கியில 'இ' உக்காந்திருந்த 173-ஆம் இடம், லத்தீன் குறியாக்கத்துல கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. உலாவி அதை முழுங்கிடுச்சு. திஸ்கி 1.7-ல இதுக்காகவே 'இ'க்கு 254-லயும் ஒரு இடம் குடுத்தாங்க. மட்ல திறந்தப்ப அத்தனை 'இ'யும் வரிசையா வந்து நிக்குது. மனுஷன் ஒரு எழுத்துகூட விடலை.

அம்மாவுக்கு இப்ப 79 வயசு, எங்களோட புனேயிலதான் இருக்காங்க. கண் அழுத்த நோய், எழுத்து தெரியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு மடல் படிச்சுக் காட்டுறது வழக்கமாயிடுச்சு. என் பொண்ணும் வந்து உக்காந்துக்குவா. அவளுக்கு மராத்தி ஓடுற வேகத்துல தமிழ் ஓடாது, ஆனா தாத்தா எழுத்துன்னா எட்டிப் பாப்பா.

போன மாசம் 2003 ஆகஸ்ட் மடல் ஒண்ணு. "தம்பி, அம்மாகிட்ட சொல்லாதே. நேத்து தஞ்சாவூர் போய் ஈசிஜி எடுத்தேன். இப்ப வலி இல்லை." நான் முதல் வார்த்தையோட நிறுத்திட்டேன்.

"என்னடா, திரும்பப் பூச்சியா வருதா?"ன்னாங்க அம்மா.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. எழுத்தெல்லாம் சரியாத்தான் வருது."

"அப்ப படி."

படிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "பஸ் டிக்கெட் சட்டைப் பையிலயே இருந்துச்சு. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? சரி, அடுத்ததை எடு"ன்னாங்க.

அடுத்தது படிக்க முடியாத ஒன்பது மடல்ல ஒண்ணு. வழியில எங்கயோ ஒரு சர்வர் எழுத்து புரியாம அத்தனையையும் கேள்விக்குறியா மாத்தி அனுப்பியிருக்கு. திஸ்கியை எப்படியாவது மீட்கலாம், கேள்விக்குறியை எந்த ஐகான்வாலயும் மீட்க முடியாது. மடலோட தலைப்பகுதி மட்டும் பிழைச்சிருக்கு.

"இது வராதும்மா. எல்லாம் கேள்விக்குறி."

"தேதி இருக்கா?"

"2003 செப்டம்பர் 14, ஞாயித்துக்கிழமை."

"உங்க சித்தப்பா வந்து பங்காளிச் சண்டை போட்டுட்டுப் போன வாரம். அப்பா என்ன எழுதியிருப்பார்னு நான் சொல்றேன். நீ அடி."

மட்ல புது மடல் எழுதணும்னா எம்மை அமுக்கணும். பொண்ணு அமுக்கிட்டா.