நடுகல் இல்லாதோர்

அரசலாறே! காவிரி ஈன்ற கிளையே! காரைக்கால் கடந்து கடல் புகும் நீரே! உன் கரையில் நின்று, பெயர் எஞ்சாது போனோரை நினைந்து புலம்புகின்றேன். வள்ளல் பாரி மாய்ந்தபோது புலவர் கபிலர் பாடி அழுதார். ஆனால் ஆணை விரும்பிய ஆணும் பெண்ணை விரும்பிய பெண்ணும் ஊர்ப்பழிக்கு அஞ்சி மாய்ந்தபோது, பெற்றவளும் வாய்பொத்தியே அழுதாள்.

யவன நாட்டுத் தீப்ஸ் நகரில், காதலர் இணையிணையாய்ச் சேர்ந்த முந்நூற்றுவர் படை ஒன்று இருந்தது. கி.மு. 338இல் கைரோனியாக் களத்தில் அவர்கள் புறங்கொடாது பட்டனர். பகைவேந்தன் பிலிப்பும் அவர் உடல் கண்டு கலங்கினான் என்று எழுதினார் புளூட்டார்க். அக்களத்தில் இன்றும் ஒரு கற்சிங்கம் அமர்ந்திருக்கிறது. அதைச் சூழ்ந்த மண்ணை அகழ்ந்தபோது 254 பேரின் எலும்புகள் ஏழு வரிசையாய்க் கிடந்தன. அகழ்ந்தோர் வரைந்த படங்களில் சிலர் கைகோத்துக் கிடக்கின்றனர். யவனர் நெறியை நான் போற்ற வரவில்லை. அங்கே அடிமைக்கு மறுக்கும் உரிமை இல்லை. முதிர்ந்த ஆண் மற்றோர் ஆணுக்கு இணங்கினால் இகழ்ச்சி. பெண்டிர் காதலுக்குக் கவிஞர் சாப்போவின் சிதைந்த வரிகளே பெரிதும் சான்று. ஆயினும் பட்டோர்க்குக் கல் நின்றது.

காரைக்காலே, உன்னை எண்ணித்தான் நெஞ்சு ஆறவில்லை. 1739இல் பிரெஞ்சியர் கைப்பட்டாய். புரட்சிக்குப்பின் 1791இல் பிரான்சு வகுத்த தண்டச் சட்டம் இக்காதலைக் குற்றமென எண்ணவில்லை. 1810இல் நெப்போலியன் காலத்தில் வகுத்ததும் எண்ணவில்லை. அந்நாளில் வாஞ்சூர் எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட நாகூர் மண்ணை மிதித்தால் இக்காதலைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, ஆயுள்வரை தண்டனை; எல்லைக்கு இப்பால் அக்குற்றமே இல்லை. குற்றமில்லை என்றது சட்டம்தான், குலம் அன்று, அதையும் மறைக்கமாட்டேன். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியது. மகிழ்ந்தோம், மகிழத்தக்கதே. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் உன்மேல் விரிந்தபோது ஆங்கிலேயன் மெக்காலே வரைந்த அப்பிரிவும் உடன் வந்தது. ஆங்கிலேயன் நாட்டைவிட்டுப் போனபின் அவன் விலங்கு உன் காலில் ஏறியதே! 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் அதைத் தறிக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

அவ்வாண்டுகளில் எத்தனை பேர் விரும்பாத மணவறையில் தலைகவிழ்ந்து அமர்ந்தனரோ! ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார்க்கு மாங்கனி இறைக்கும் தெருவில், கைக்கு வந்த கனியைப் பகிர்ந்துண்ணவும் அஞ்சி எத்தனை இணைகள் விலகி நடந்தனவோ! கல்லும் இல்லை, பாட்டும் இல்லை, அவருக்கு.

உண்ணாது வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன், தான் கண்டிராத புலவர் பிசிராந்தையார்க்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான். அது நட்பு, அதற்கு வேறு பெயர் சூட்டேன். ஆனால் இடம் ஒதுக்கும் அப்பெருந்தன்மை இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆகவே ஊரீரே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் மாய்ந்திருந்தால், அவர் படத்துக்கு மாலையிடும் நாளில், அவரை நேசித்தவர் உயிரோடிருந்தால் அவரையும் அழையுங்கள். உறவினர் வரிசையில் அமர்த்துங்கள்.