சிடியே போடலையே தாத்தா

பணி ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆகின்றன. வீட்டில் இருப்பது பழைய கணினி. விண்டோஸ் 11 அதில் ஏறாது என்பதால் மருமகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். மோடம் கீழே கூடத்தில், கணினி மாடியில். ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, ரிச்சி தெருவில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கி வந்தேன்.

செருகினேன். விளக்கு எரிந்தது. ஆனால் வைஃபை பட்டியல் வரவே இல்லை. துளை மாற்றிச் செருகினேன், கணினியை நாலு தடவை அணைத்துப் போட்டேன். ஒரு பகல் போயிற்று. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அதைத் திரும்ப டப்பாவில் போடப் போனேன்.

ஒன்பதாவது படிக்கும் பேத்தி எட்டிப் பார்த்தாள். "சிடியே போடலையே தாத்தா, ஸ்கிரீன்ல எதுக்கு சிடி படம் வருது?"

"போய் உன் வேலையைப் பாரு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. அதே வார்த்தையை முன்பு ஒருமுறை சொன்னவன் நான்.

2012. ஒரகடம் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. பராமரிப்புப் பிரிவில் நான்தான் மூத்தவன். புது சென்சார் மாட்டியும் பிரஸ் ஓடவில்லை. சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சிக்குத் தெரியவில்லை. இரண்டு சென்சார் மாற்றிவிட்டேன். ஒப்பந்தத்தில் வந்த பயிற்சிப் பையன் ஒருவன், "சார், இது என்பிஎன், நம்ம கார்டு பிஎன்பி கேக்குது" என்றான். இரண்டு வகையிலும் விளக்கு எரியும். ஆனால் ஒன்று மைனஸைத் தரும், மற்றது பிளஸ் 24 வோல்ட்டைத் தரும். அவன் சொன்னது சரி. நான் சொன்னதுதான் அந்த வார்த்தை. ஒரு மணி நேரம் கழித்து நானே கண்டுபிடித்ததுபோல் சென்சாரை மாற்றினேன். ரிப்போர்ட்டில் என் பெயர் மட்டும் போனது. அடுத்த மாதம் ஆள் குறைத்தபோது அவனும் போய்விட்டான்.

பேத்தியை நாற்காலியில் உட்கார வைத்தேன். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை கொடுத்தோம். அடாப்டர் இருந்தது, 'டிஸ்க்' என்ற பெயரில்! விண்டோஸ்காரர்களுக்காக உள்ளேயே டிரைவரை வைத்து, முதலில் சிடி போலக் காட்டிக்கொள்ளும் சாதனமாம் அது. சிடி படத்தில் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்தாள். மறுபடி கட்டளை கொடுத்ததும் வைஃபை என்று வந்தது.

இன்னும் டிரைவர் பாக்கி. ரியல்டெக் 8811சியூ சிப்புக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னல் 6.2-லிருந்துதான் கூடவே வருகிறது, எங்களுடையது 5.15. என் கைபேசியை யுஎஸ்பி ஒயரில் மாட்டி அதன் இணையத்தைக் கொண்டு, அப்டேட் மேனேஜரில் புதிய கெர்னலை ஏற்றினோம். சிடி வேஷத்தைத் தானாகவே கலைக்க, யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற நிரலையும் போட்டோம். மறுதொடக்கம் ஆனதும் பட்டியலில் எங்கள் வீட்டு வைஃபை பெயர்.

உங்கள் கணினியிலும் அடாப்டர் தெரியாவிட்டால், அது வேறு ஏதாவதாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அன்றிரவு மருமகனுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சா" என்று சொன்னேன். அந்தப் பையனின் பெயர் நன்றாக நினைவிருக்கிறது. ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டிய பெயர். இப்போது எங்கே வேலை செய்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.