சாமி வராமல் கூத்து முடியாது

கணியான் கூத்து தொடங்க முதலில் தீ வேண்டும். கோயிலுக்குப் பின்பக்கம் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, மகுடம் என்ற இரண்டு தோல்கருவிகளையும் அந்தச் சூட்டில் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். மரவளையத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய கன்றுத்தோல். ஆடிச்சாரல் காற்றில் தொய்ந்துவிடும். சூடு ஏறினால்தான் விறைக்கும். ஒருவர் விரலால் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். மறுபடியும் தீ. ஒரு மகுடம் உச்சம், மற்றது மந்தம். இரண்டும் ஒன்றோடொன்று இசையும்வரை பாடகரான அண்ணாவி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சுடலைமாடன் கோயில். கோயில் என்றால் கோபுரமும் இல்லை, விக்கிரகமும் இல்லை. செங்கலும் சாந்துமாக எழுப்பி வெள்ளையடித்த, மேலே போகப்போகக் குறுகும் பூடம்தான் சாமி. கொடைத் திருவிழாவின் குடியழைப்பு முந்தின நாளே முடிந்திருந்தது. மதியக்கொடையும் முடிந்து, சாமக்கொடைக்கு ஊர் காத்திருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு ஓரமாகச் சின்ன மேடை போட்டிருந்தார்கள். மகுடக்காரர்களுக்கு மேடை கிடையாது. பூடத்துக்கு நேர் எதிரே வெறும் தரை. விடியவிடிய நின்றுகொண்டேதான் பாடவும் அடிக்கவும் ஆடவும் வேண்டும்.

நான் பாளையங்கோட்டைக்காரன். நாடக நடிகன் என்று சொல்லிக்கொள்கிறேன். சோறு போடுவது வேறு வேலை. இசை நாடகத்தில் ராஜபார்ட்டின் தோழனாக வந்து பின்பாட்டுப் பாடியிருக்கிறேன். நவீன நாடகக் குழுக்களில் தரையில் உருண்டிருக்கிறேன். சில வருடங்களாக எங்கள் வட்டாரத்தில் ஒரே பேச்சு, பார்வையாளரை நாடகத்துக்குள்ளேயே இழுத்துப்போடுவது எப்படி என்பதுதான். லண்டன் குழுவான பஞ்ச்டிரங்கின் 'ஸ்லீப் நோ மோர்' நாடகத்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நியூயார்க்கில் 2011இல் தொடங்கி 2025 ஜனவரி வரை ஓடிய நாடகம். மேக்பத் கதையைப் பல மாடிக் கட்டடம் ஒன்றில் அறை அறையாகப் பிரித்துப் போட்டு, வந்தவர்களுக்கு வெள்ளை முகமூடி மாட்டி, பேசக்கூடாது என்று சொல்லி உள்ளே அலையவிட்டார்கள்.

அதைப் போலச் செய்ய ஆசைப்பட்ட ஒரு குழுவில் நானும் நடித்தேன். ஒரு பழைய வீடு முழுக்க நாடகம். நான் அடுப்படியில் அழ வேண்டும். பார்க்க வந்த ஒருவர் என் தோளை உரசிக்கொண்டு நின்று செல்பேசியில் படம் எடுத்தார். மூச்சு படும் தூரத்தில் நிற்கிறார், ஆனால் கதையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் விலகிப் போனாலும் நான் அதே இடத்தில் அதே அழுகையை அழுவேன். இது என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

இசை நாடகத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் அதிக உரிமை ஜனங்களுக்கு இருந்தது. பாட்டோடு நடிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. அந்த மரபுக்கு ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிக்காரர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்த கிட்டப்பா செங்கோட்டைக்காரர். 1933இல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். 'ஒன்ஸ் மோர்' என்று கூட்டம் கத்தினால் செத்துக் கிடக்கும் ராஜாவும் எழுந்து உட்கார்ந்து அந்தப் பாட்டை மறுபடி பாடியாக வேண்டும். ஆனாலும் அது பாட்டுக்குக் கிடைத்த மரியாதை. கதை, எழுதிவைத்தபடிதான் போகும்.

குழுவில் மொத்தம் ஆறு பேர். பாடுகிற அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் அடிக்கிற இரண்டு பேர், பெண் வேடம் கட்டி ஆடுகிற இரண்டு பேர். எல்லோரும் கணியான் சமூகத்தவர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். கோயிலுக்குப் பின்னால் ஒரு குழல்விளக்கு வெளிச்சத்தில் வேடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரரில் இளையவருக்கு இருபத்தைந்து இருக்கும். மற்ற நாட்களில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார். சவுரியை வைத்துப் பின்னிக்கொண்டே என்னிடம் பேசினார். சின்னவயதில் பள்ளிக்கூடத்தில் கேலி செய்த பையன்களே இப்போது கொடைக்கு முன்பணம் கொண்டுவந்து தருகிறார்களாம்.

"மொதல்ல ஆட்டம். முட்டு தேஞ்சா மகுடம். முடி நரைச்சா அண்ணாவி. இதான் தம்பி எங்க பிரமோசன்" என்றார் உச்சம் அடிப்பவர். முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

அண்ணாவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி எந்தக் கம்பெனில நடிக்கீய?"

"கம்பெனியெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா நாங்க பத்துப் பேரு சேந்து போடுதோம்."

"அப்ப நாங்களும் நீங்களும் ஒண்ணுதான்" என்று எழுந்துகொண்டார்.

கூத்து தொடங்கி முதல் இரண்டு மணிநேரம் எனக்குத் தெரிந்த நாடகமாகத்தான் இருந்தது. சுடலையின் கதை. கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து தெறித்த பொறி பார்வதியின் மடியில் பிள்ளையாகிறது. பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. கைலாயத்தில் வைத்துக்கொள்ள முடியாத அந்தப் பிள்ளையைப் பூலோகத்துக்கு அனுப்புகிறார்கள். அண்ணாவி ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு அடியெடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர் அதை வாங்கி இழுக்க, ஆட்டக்காரர்கள் பூடத்தை நோக்கிப் போவதும் முதுகு காட்டாமல் மகுடத்துக்குப் பின்வாங்குவதுமாக இருந்தார்கள். இடையிடையே நக்கல் பேச்சு. முன்வரிசையில் தூங்கி விழுந்த ஒரு பெரியவரை இழுத்துக் கேலிசெய்தார்கள். கூட்டம் சிரித்தது. பெண்கள் தூங்குகிற பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகுதான் கவனித்தேன். அண்ணாவி பூடத்தைப் பார்த்துப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. பூடத்துக்கு இடப்பக்கம் சல்லடமும் கச்சையும் கட்டிக் குல்லாய் வைத்து நின்ற கோமரத்தாடியின் காலில் இருந்தது.

அவர் பகலில் வாழைத்தார் வியாபாரி. மாலையில் என்னோடு நின்று டீ குடித்தவர். இப்போது அவர் உடம்பில் சுடலை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கொடை கொடையாகாது. ஊருக்கு வாக்குச் சொல்ல ஆள் இருக்காது. அண்ணாவி சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டுக்குள் நுழைந்தார். தாளம் இறுகியது. ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட, மகுடக்காரர்கள் அடிமேல் அடிவைத்து அந்த மனிதரின் காதருகே போய்விட்டார்கள். அவர் அசையவில்லை. எங்கள் நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டியிருப்போம். அண்ணாவி குறைத்தார். கதையில் நாலு அடி பின்னால் போய், மலையாளத்து மந்திரவாதியான காளிப்புலையன் சுடலையை இளக்காரமாகப் பேசும் கட்டத்தை எடுத்து, அதை நேராகக் கோமரத்தாடியின் முகத்தைப் பார்த்துப் பாடினார். வைகிறார் என்றே தோன்றியது. மந்தம் மட்டும் தனியாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு உச்சம் சேர்ந்த அடியில் அந்த மனிதர் 'ஓ'வென்று அலறி, பக்கத்தில் இருந்த தீப்பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார். குலவைச் சத்தத்தில் மகுடமே கேட்கவில்லை.

அதற்குச் சற்று முன்னால் கூட்டத்தில் ஒரு இளவட்டம் ஆடத் தொடங்கியிருந்தான். என் பின்னால் இருந்த கிழவி ஒருத்தி, "அது மேளத்துக்கு ஆடுத ஆட்டம்லா" என்று ஒரே வாக்கில் தள்ளிவிட்டாள். இதைவிடக் கறாரான நாடக விமர்சகரை நான் சென்னையில் பார்த்ததில்லை.

சாமி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்கு ஓடியது. பின்னால் யாரும் போகக்கூடாது. விளக்கை அணைத்துவிட்டார்கள். திரும்பி வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டியது மகுடக்காரர்கள் பொறுப்பு. ஒரு நடிகனாக எனக்கு இந்த இடம்தான் மலைப்பாக இருந்தது. நாயகன் களத்தை விட்டுப் போய்விட்டான். எப்போது வருவான் என்று தெரியாது. பயந்துபோன ஜனங்களை இருட்டில் சிரிக்கவும் வைக்கக்கூடாது, கலைந்து போகவும் விடக்கூடாது. மகுடம் தாழ்ந்த கதியில் உருண்டுகொண்டே இருந்தது. தூரத்தில் சல்லடத்து மணிச்சத்தம் கேட்டதும் ஒரு சைகைகூட இல்லாமல் இரண்டு பேரும் ஒரே நொடியில் கதியை மாற்றினார்கள்.

பலி முடிந்து ஆட்டம் தணிந்தபின் அண்ணாவி என்னோடு திண்ணையில் உட்கார்ந்தார். அவரது முன்கையில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. சுடலைக்கு ரத்தம் கொடுப்பது கணியானின் கடமை. கூத்தின் நடுவில் கையைக் கீறி வாழையிலையில் சில சொட்டு விடுவதைக் கைவெட்டு என்பார்கள். இப்போது கேட்கும் ஊர்களில் மட்டும் செய்கிறாராம்.

"எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்கீங்க, அவருக்கு எப்ப வரும்னு?"

"கால் பெருவெரலப் பாக்கணும் தம்பி. அது மண்ணக் கிண்டுச்சுன்னா வருதுன்னு அர்த்தம். அப்பப் போயி அடிய ஏத்தப்பிடாது. கொஞ்சம் பிந்தித்தான் ஏத்தணும். அவசரப்பட்டா வந்தது திரும்பிப் போயிரும்."

"போயிட்டா?"

"கோவத்தக் கெளப்பணும். இல்லன்னா பாசத்தக் கெளப்பணும். ஒவ்வொரு கோமரத்தாடிக்கும் ஒவ்வொரு எடம் இருக்கு. இவரு அப்பாவுக்கும் நாந்தான் பாடுனேன். அவரு பொறப்புக் கட்டத்துலயே ஆடிருவாரு. மகன் வைதாத்தான் ஆடுவான்."

நடிப்புப் பயிற்சிகளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் உணர்ச்சியை நம் உடம்பில் வரவழைப்பது எப்படி என்பதுதான். இவர்கள் தொழில், எதிரில் நிற்கும் இன்னொருவனின் உடம்பில் அதை வரவழைப்பது. பார்க்க வந்த ஊர்க்காரன் ஒருவன் கதையின் நாயகனாக மாறும்வரை கதை நகராது. மாறியபின் அவன் சொல்வதற்கு ஏற்பத்தான் மீதிக் கதை. முகமூடி மாட்டி நியூயார்க்கில் செய்து பார்த்ததற்கு இது பல படி மேலே என்பது என் கட்சி.

படித்தவர்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தப் பக்கத்துக் கதைப்பாடல்களைத் தேடித்தேடிப் பதிப்பித்தார். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டனின் கதையும் அவற்றில் ஒன்று. அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைப் பற்றி 1988இல் எழுதிய புத்தகத்தில், எந்தக் கட்டம் பாடும்போது சாமி வருகிறது என்பதை அருகிருந்து பார்த்து எழுதினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையில் கணியான் கூத்துப் பதிவுகள் உண்டு. ஆனால் நாடகக்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டது குறைவு. தெருக்கூத்துக்கும் தேவராட்டத்துக்கும் கிடைத்த இடம் மகுடத்துக்குக் கிடைக்கவில்லை.

மேடைக்கு அழைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டார் கலைகள் நிறைய அரங்கேறின. எங்கள் அண்ணாவியும் நகரத்து மேடைகளைப் பார்த்திருக்கிறார். பொன்னாடை, சான்றிதழ், பஸ் செலவு எல்லாம் கொடுத்தார்கள். பத்து நிமிடம் ஆடச் சொன்னார்கள். "எதுக்க பூடம் இல்ல, கோமரத்தாடி இல்ல. யாரப் பாத்துப் பாட? மைக்கப் பாத்துப் பாடிட்டு வந்தோம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பெண் வேட ஆட்டத்துக்கு நல்ல கைதட்டலாம்.

ஊரிலும் எல்லாம் சரியாக இல்லை. கணியான் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்குவதற்குள் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடுகிறது என்று அந்த இளைய ஆட்டக்காரர் சொன்னார். தம்பிக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். 'ஆடிக் காட்டு' என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். இவர் ஆடவில்லை. இன்னொரு கொடையில் கையைக் கீறி ரத்தம் விட்ட அண்ணாவிக்கு, பந்தி எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் இலை போட்டார்கள். அந்த ஊர் எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொழிலும் சுருங்குகிறது. கொடை என்பது வருடம் முழுக்க வருவதில்லை. சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று சில மாதங்கள்தான். அதிலும் செவ்வாய், வெள்ளியாகப் பார்த்து எல்லா ஊரும் ஒரே நாளில் வைக்கிறது. அதற்குள் சம்பாதித்ததை மற்ற மாதங்களுக்கு இழுக்க வேண்டும். அண்ணாவியின் மகன் திருப்பூரில் இருக்கிறான். கொடைக்கு மட்டும் வந்து மந்தம் அடிக்கிறான். பாட்டு அவனுக்குப் பாதிதான் தெரியும் என்கிறார் அப்பா. பாட்டு தெரிந்தால் போதாது, பெருவிரல் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பல வருடம் கூட நிற்க வேண்டும்.

கொடைக் கமிட்டிக்காரர்களிடம் சில வார்த்தை. மகுடக்காரருக்குப் பேசிய பணத்தைச் சாமக்கொடைக்கு முன்பே கொடுங்கள். முதல் பந்தியில் உட்காரவையுங்கள். அவர்கள் பாடும்போது அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். இன்னிசைக் கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு, இந்த வருடம் சாமி சரியாக வரவில்லை என்று அண்ணாவியைக் குறை சொல்வது நியாயமில்லை.