பெட்டிக்குள் இருந்தது

வாப்பாவின் பழைய பிக்கப்பில் கிளவ் பொக்ஸ் திறக்க மறுத்தது. நாளைக்கு வாகன லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். காப்புறுதிப் பத்திரமோ உள்ளே. நானா திருப்புளியை விட்டு நெம்பினார். மூடியின் ஓரம் வெடித்ததுதான் மிச்சம்.

"விடுங்க நானா, நான் பாக்கிறேன்."

மூடி வீங்கினாற்போல் இருந்தது. உள்ளே திணித்த கடதாசிகள் தள்ளுவதால் கொளுக்கி இறுகியிருக்க வேண்டும். உள்ளங்கையால் மூடியை உட்பக்கம் அழுத்திக்கொண்டே கைபிடியை இழுத்தேன். டக்கென்று திறந்தது. பல வருடத்துப் பற்றுச்சீட்டுகள் காலடியில் கொட்டின. அவற்றுள் ஓர் அடகுச் சீட்டு. உம்மாவின் மாலை! கலியாண வீட்டுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டால், "பெட்டிக்குள்ள இருக்கு" என்பார் உம்மா.

திகதியைப் பார்த்தேன். என்னை டியூஷனில் சேர்த்த வாரம்.

வாப்பா சீட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மூடி சரியாப் பூட்டுதா பாருங்க மகள்" என்றார்.